அப்பாவின் ஜீப்புக்கு ஒரு புது பேட்டரி

பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சையும் வெள்ளையுமான பொடியின் மேல் அம்மா வெந்நீரை ஊற்றியதும், 'புஸ்'ஸென்று நுரை கிளம்பி, மூக்கை அரிக்கும் ஒரு புளித்த நெடி கொட்டகை முழுக்கப் பரவியது. அரவேணுவில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த தகரக் கொட்டகை அது. உள்ளே நின்றது அப்பாவின் பழைய ஜீப். சிறு தோட்டக்காரர்களிடமிருந்து பச்சைத் தேயிலையை ஏற்றிக்கொண்டுபோய்க் கோத்தகிரிப் பக்கமிருந்த 'ஃபேக்டரி'யில் சேர்ப்பதுதான் அவருடைய தொழில்.

ஐப்பசி மழையில் ஒருநாள் சாயங்காலம் லோடு இறக்கிவிட்டு வந்த அப்பா, வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு உள்ளே வந்து, "வாயுப் புடிப்பு மாதிரி இருக்குது, கொஞ்சம் சுடுதண்ணி குடு" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா தண்ணீரோடு திரும்புவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. நான் அப்போது நாலாம் வகுப்பு. துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் ஒன்றையே சொன்னார்கள்: "புண்ணியவானுங்க, ஒரு நிமிசம்கூட நோவு தெரியாம போயிட்டாரு." அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா எழுந்தாள், சமைத்தாள், என்னைப் பள்ளிக்கு அனுப்பினாள்.

தை மாதக் குளிரில், ஜீப்பை வாங்கிக்கொள்ள ஊட்டிக்கு அந்தப் பக்கம் எமரால்டு என்ற ஊரிலிருந்து ஒரு காய்கறி விவசாயி வந்தார். சாவியைத் திருகினால் சத்தமே இல்லை. அத்தனை நாள் நின்றதில் பேட்டரி செத்திருந்தது. "பரவாயில்லைங்க, கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிக்கறேன்" என்றார். அதுவரை தலைகுனிந்து நின்ற அம்மா நிமிர்ந்தாள். "இழுத்துட்டுப் போக வேண்டாமுங்க. பொணத்தை எடுக்கற மாதிரி இருக்கும். அவரு ஊட்டுக்கு ஓட்டிட்டு வந்த வண்டி, ஓடித்தான் போகோணும். நாளான்னைக்கு வாங்க."

மறுநாள் குன்னூர் போய், புது பேட்டரியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே கொண்டுவந்தாள். மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்று பக்கத்து வீட்டார் சொன்னதற்கு, "அவரு கை வெச்ச எடம், நானே பார்த்துக்கறேன்" என்றாள். அம்மா அதுவரை ஸ்பேனர் பிடித்தவளல்ல. ஆனால் அப்பா பானட்டுக்குள் குனிந்திருந்த பொழுதெல்லாம் டார்ச் பிடித்தவள். "கழட்டறப்ப மைனஸ் முதல்ல, மாட்டறப்ப பிளஸ் முதல்ல" என்று அவர் பாட்டுப்போலச் சொல்வது எங்கள் இருவருக்குமே மனப்பாடம். வெந்நீரில் பொடி கரைந்ததும், நான் அதைச் சொல்லச் சொல்ல அவள் துருவேறிய நட்டைத் திருகினாள். ஸ்பேனர் நழுவி விரல்முட்டியின் தோல் உரிந்தது, முந்தானையால் சுற்றிக்கொண்டு மறுபடி திருகினாள். பழைய பேட்டரியை இருவருமாகத் தூக்கி இறக்கிவிட்டுப் புதியதை வைத்து, மைனஸ் ஒயரைக் கடைசியாக இறுக்கியபோது அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அப்பா போனபிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கூடவே, யாரும் தொடாமல், கண்ணாடியின் மேல் வைப்பர் அசையத் தொடங்கியது. காய்ந்து வெடித்த ரப்பர், தூசி படிந்த கண்ணாடியில் 'கர்ர், கர்ர்' என்று போய்ப் போய் வந்தது.

அப்பா எதையும் அப்படியே விட்டுவிட்டு இறங்குகிறவரல்ல. எவ்வளவு மழையானாலும் ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டு அணைத்து, துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுப் படி ஏறுவார். அன்றைக்கு வைப்பரைக்கூட அணைக்காமல் சாவியை மட்டும் உருவியிருக்கிறார்.

அம்மா வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பவே வலிச்சிருக்குது, சாமி" என்றாள் மெதுவாக. "வழியெல்லாம் வலியோடதான் வந்திருக்காரு. ஆஸ்பத்திரியத் தாண்டித்தானே வந்தாரு... நம்மகிட்ட வந்து சேர்ந்தாப் போதும்னு வந்திருக்காரு." பிறகு ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்து, சாவு வீட்டில்கூட அழாத அழுகையை அழுதாள். வைப்பரை அணைக்க எனக்குத் தெரியவில்லை. அவளுக்குக் கை வரவில்லை.

சொன்னபடியே வந்த எமரால்டுக்காரர் சாவியைத் திருப்பியதும் ஜீப் கிளம்பி, ரோட்டு வளைவில் தன் போக்கில் ஓடி மறைந்தது. பின்னாளில் ஊட்டி மார்க்கெட்டில் ஒருமுறை, நீலச் சாயம் பூசி, கேரட் மூட்டைகளோடு அதைப் பார்த்தேன். அப்புறம் பார்க்கவில்லை.

இப்போது அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் காட்டேஜ் நிற்கிறது. அப்பா இலை கொண்டுபோன ஃபேக்டரியும் மூடிக் கிடக்கிறது. அம்மா என்னோடு குன்னூரில் இருக்கிறாள். யார் வீட்டுத் துக்கத்துக்குப் போனாலும், 'நோவு தெரியாம போயிட்டாரு' என்று யாராவது ஆரம்பித்தால், அவள் மெல்ல எழுந்து வெளியே வந்துவிடுகிறாள்.