அப்பா அணைத்த சுவிட்ச்

மகள் தன் அப்பாவிடம் மனதில் இருப்பதைச் சொல்லும் காட்சியை லேப்டாப்பில் வெட்டித் தொகுத்துக்கொண்டிருந்தேன். குறும்படத்தை எடுத்த பையன் பக்கத்தில் இருந்தான்; தம்பி என்றுதான் கூப்பிடுவேன். "அக்கா, அந்தப் பிள்ள அழுத க்ளோசப்ப முழுசாப் போடுங்க" என்றான். அந்நேரம் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது. தெருவின் விசைத்தறிகள் எல்லாம் ஒரே நொடியில் நின்றன.

அந்த அமைதி எனக்குப் பழக்கம். பத்தாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் வீட்டிலும் தறி ஓடியது. சோற்றில்கூடப் பஞ்சுத் தூசி இருக்கும். பிடிக்காததை யார் சொன்னாலும் அப்பா காதைத் தொட்டுக் காட்டுவார். தறிச் சத்தத்தில் கேட்கவில்லையாம். பரீட்சை முடிந்ததும் என்னையும் தறியில் நிறுத்துவதாக இருந்தார். ஒருநாள் எதிரே நின்று கத்தினேன். கத்தும்போதே கரண்ட் போய்விட்டது.

"எனக்குத் தறி வேண்டாம்ப்பா, நான் படிக்கணும்."

தெருவுக்கே கேட்டது. அப்பா காதைத் தொடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே, நின்றுபோன தறியின் சுவிட்சை அணைத்தார். இனி கரண்ட் வந்தாலும் அது ஓடாது.

"இப்பச் சொல்லு மக்கா" என்றார்.

நான் அழுதேன் என்று அம்மா சொல்வாள். எனக்கு அப்பாவின் முகம்தான் தெரியும்.

படத்தில் மகள் அழும் க்ளோசப்பை எடுத்துவிட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும் அப்பாவின் முகத்தின்மேல் மகளின் குரலை ஓடவிட்டேன்.

"பிள்ளைய எங்கக்கா?"

"அவ பேசுதது கேக்குதுல்லா. அது போதும்."

கரண்ட் வந்தது, தறிகள் இரைந்தன. தம்பி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"திரும்பப் போடுங்கக்கா."