ஆடு தின்ற வேப்பிலை

சென்ற ஆண்டு, 1963 கோடையில், என் மகனுக்குப் பெரியம்மை போட்டிருந்தது. வழக்கம்போல வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தேன். அதைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் யாரும் படியேற மாட்டார்கள்.

அன்று நான் கொல்லையில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தேன். ஆலங்குடியிலிருந்து பஸ்ஸில் வந்த என் நாத்தனார், கைக்குழந்தையோடு நேரே உள்ளே போய் மகனின் பாயருகே உட்கார்ந்துவிட்டாள்.

“ஆத்தா வந்திருக்கா, வெளிய போ தாயி!” என்று அலறினேன்.

“நெலையில ஒண்ணுமே இல்லையே மதினி!” என்றாள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். வாசலில் வேப்பங்காம்புகள் கிடந்தன. எங்கள் ஆடு திண்ணைமேல் ஏறி நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் குழந்தைக்கு அம்மை குத்தவில்லை. “காய்ச்சல் வரும், பச்சைப்புள்ள தாங்காது” என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். என் மகன் தழும்போடு பிழைத்தான். குழந்தை பிழைக்கவில்லை.

இப்போது அம்மை குத்துகிறவர் வந்தால், பிள்ளையோடு ஒளிந்துகொள்ளும் தாய்மாரை நானே தேடிப்போய் இழுத்து வருகிறேன். ஏசுகிறார்கள். ஏசட்டும்.

நாத்தனார் இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். வெறுங்கையோடு வாசலில் நின்று, நிலையை அண்ணாந்து பார்த்த பிறகுதான் படியேறுகிறாள்.