பொந்திலிருந்து வந்த குளவி

அவர் ரம்பத்தைத் தூக்கினாலே மரங்கள் தாமாகச் சாய்ந்துவிடும். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். ஒரு மரம் சாய்ந்தது, அதுவும் அவருடைய சொந்தக் கொட்டகைமேல். ஆனாலும் அந்த மரவெட்டிக்குச் சிங்கம் என்றுதான் பெயர். அதை நம்பாத ஒரே ஆள் மனைவியின் தம்பி. அன்று வேலையிடத்துக்கே வந்து நின்ற அவனை எப்படியாவது நம்பவைத்துவிட வேண்டும் என்று, சிங்கம் மீசையை முறுக்கிக்கொண்டு காட்டோரத்துக் கிழட்டு மரத்தில் ஏறியது.

மரப்பொந்தில் மழைத்தண்ணீர் தேங்கி நாறிக்கொண்டிருந்தது. அதிலிருந்து மஞ்சளும் கறுப்புமாக ஒன்று எழும்பி, அவர் மூக்குக்கு நேரே அந்தரத்தில் அசையாமல் நின்று முறைத்தது.

"ஐயோ, குளவி! ஓடு மாப்ளே!"

ரம்பம் மேலே, சிங்கம் கீழே.

மரத்தடியில் அவருக்காகக் கயிறு பிடித்திருந்த மனைவி ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இது ஈ. ரெண்டே ரெக்கைதான் இருக்கு, குளவின்னா நாலு இருக்கும். குளவி மாதிரி வேஷம் போட்டிருக்கு, கொட்டாது. முட்டையிட வந்திருக்கு. இதோட புழு இந்த அழுகல் தண்ணியிலதான் வளரும், வாலை மேல நீட்டி மூச்சு விடும்."

"அப்போ இங்க வேஷம் போட்டது ரெண்டு பேரா அக்கா?" என்றான் தம்பி.

மாலையில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சிங்கம் கர்ஜித்தது: "குளவிப் படையே வந்துச்சு. பாவம்னு விட்டுட்டேன்."

மனைவி குறுக்கிட்டாள்: "படை இல்லைங்க, ஒண்ணு. குளவி இல்லை, ஈ. பாவம்னு விட்டது நீங்க இல்லை, அது."