பிடித்த நேரம், விட்ட நேரம்

றோஸ்மலர் சொல்வழி கேளாதவள் என்று லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் நாலு பேரைக் கேட்டால் ஐந்து பேர் சொல்வார்கள். அதில் முதலாவது ஆள் அவளுடைய சொந்த அண்ணன் அருட்பிரகாசமாக இருப்பார். றோஸ்மலருக்கு வயது ஐம்பத்தேழு. விடிய முன்னம் போய், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் பதின்மூன்று கழிப்பறைகளைக் கழுவி முடித்து, பத்தரைக்கு பஸ் ஏறுகிற மனுஷி. அவள் கேளாமல் விட்ட சொற்களை எழுதினால் ஒரு கொப்பி காணாது. அதில் பெரியது, புருஷனைச் செத்தவர்களோடு சேர்க்கச் சொன்னது.

புருஷன் பெயர் ஞானரட்ணம். போர் நடந்த 2008இல், இலங்கை மன்னாரில், பஸ்ஸில் வந்துகொண்டிருந்த மனுஷனைத் துவக்குகளோடு நின்றவர்கள் இறக்கி எடுத்தார்கள். அவள் ஏறி இறங்காத இராணுவ முகாம் இல்லை. எல்லா வாசலிலும் ஒரே பதில்தான்: அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை. எத்தனை மணிக்குக் கொண்டுவந்தோம் என்று எழுதிய ஒரு துண்டுக் கடதாசிகூட அவள் கண்ணில் படவில்லை. லண்டனுக்கு வந்த பிறகு ஒவ்வொரு நவம்பரும், இறந்தோரை நினைக்கிற மாதத்தில், "மச்சானுக்கு ஒரு ஆன்ம இளைப்பாற்றிப் பூசை குடுப்பம் பிள்ளை" என்று அருட்பிரகாசம் கேட்பார். அவள் மாட்டாள். கத்தோலிக்கக் கோயிலில், யாருக்காக மன்றாட வேண்டும் என்று பூசைக் கருத்து எழுதிக் கொடுக்கிற துண்டில் உயிரோடு இருப்போருக்கு ஒரு பக்கம், இறந்தோருக்கு ஒரு பக்கம். ஞானரட்ணத்தின் பெயரை அவள் உயிரோடு இருப்போர் பக்கத்தில்தான் எழுதுவாள். ஞாயிறு தமிழ்ப் பூசையில் அந்தப் பெயர்களை ஒலிவாங்கியில் வாசிப்பவரும் அருட்பிரகாசம்தான். கோயில் பங்குச் சபையில் பெரிய ஆள், கணீர்க் குரல். மச்சானின் பெயர் வரும்போது மட்டும் குரல் உள்ளே போய்விடும்.

போன செப்டெம்பரில் இவர்களுடைய தங்கை றூபினியின் மகன் ஜெஸ்ரின் காணாமல் போனான். இருபத்து மூன்று வயதுப் பெடியன். மன்னாரிலிருந்து வெளிக்கிட்டு, நாடு நாடாக ஏறி இறங்கி, அமெரிக்க எல்லைவரை வந்தவன். ஏன் வெளிக்கிட்டான் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையில் பதில் இல்லை. பெற்ற தாயே போ என்று சொன்னாள் என்றால் விளங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவனை அனுப்பிய ஏஜென்சிக்காரன் வாமதேவனைத் தேடிக் கொடுத்தவர் அருட்பிரகாசம். ஒரு செவ்வாய்க்கிழமை ஜெஸ்ரின் யாரோ ஒருவரின் போனிலிருந்து றோஸ்மலரைக் கூப்பிட்டு, "பெரியம்மா, எல்லை தாண்டிட்டன்" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"பெடியன் ஒரு வீட்டில பத்திரமா இருக்கிறானாம். வாமதேவன் சொன்னவர். தேட வெளிக்கிட்டா எல்லாம் குழம்புமாம். ஒருத்தருக்கும் மூச்சு விடாதை," என்றார் அருட்பிரகாசம்.

எங்கள் ஆட்களின் வழக்கம் அது. போகிறவன் போய்ச் சேரும்வரை அவன் போகவே இல்லை. கேட்டால், கொழும்பில் படிக்கிறான் என்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் எங்கள் சனத்தை வெல்ல ஆள் இல்லை.

"பத்திரமா இருக்கிறவன் தாய்க்கு ஒரு கோல் எடுக்கமாட்டானோ?" என்று கேட்டுவிட்டு, றோஸ்மலர் அவன் பேசிய அந்த நம்பருக்குத் திருப்பிக் கோல் எடுத்தாள்.

அந்தப் பக்கம் பேசியவள் ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை செய்கிற பெண். டெக்ஸாஸின் தெற்கே, மாடும் முட்செடியும்தான் அதிகம் என்று அவளே சொன்ன ஒரு கவுண்டி, எங்கள் மாவட்டம் மாதிரி. ஓம், அந்தப் பெடியனும் வேறு மூன்று பேரும் கடை வாசலில் நின்றார்கள், பொலிஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. "ஷெரிப்பின் வெப்சைட்டில் பிடிபட்டவர்களின் லிஸ்ட் இருக்கும், யாரும் பார்க்கலாம்," என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். றோஸ்மலர் இரண்டு தரம் திருப்பிக் கேட்டாள். யாரும் பார்க்கலாமா? படத்தோடு, பிடித்த நாள், மணித்தியாலம், நிமிஷத்தோடு. விட்டால் விட்ட நேரமும் வரும். ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்குப் புதிதாக்குவார்கள்.

போனை வைத்துவிட்டு றோஸ்மலர் அழுதாள். சந்தோஷம் இல்லை, ஆத்திரம். சொந்த நாட்டில் ஒரு பெயருக்காக முகாம் வாசல்களில் படலை படலையாக நின்றவள் அவள். இங்கே ஒரு பட்டிக்காட்டுச் சிறை, கேட்காமலே எழுதி வைத்திருக்கிறது. அதைப் பார்க்கக் கூடாது என்று சொல்வதற்கு ஒரு அண்ணன்!

அங்கே காலை ஆறு என்றால் லண்டனில் மத்தியானம் பன்னிரண்டு. வேலை முடித்து நேரே ஈஸ்ட் ஹாம் நூலகத்துக்குப் போனாள். தேடும் பெட்டியில் ஜெஸ்ரின் என்று அடித்தாள். இல்லை. தகப்பன் பெயரை அடித்தாள், ஞானஸ்நானப் பெயரை அடித்தாள். இல்லை. எட்டு நாள் இப்படியே போயிற்று. வாமதேவன் சொன்னது சரிதானோ என்று அவளுக்கே ஒரு தரம் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே ஏசிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள், புதன்கிழமை, அவள் பெயரை விட்டுவிட்டாள். பெயரை யாரும் மாற்றிச் சொல்லலாம், முகத்தை எங்கே கொண்டுபோய் ஒளிக்கிறது? அந்தச் செவ்வாய்க்கிழமையில் பிடிபட்டவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். குடித்துவிட்டுக் கார் ஓட்டிய கிழவன். மூக்கில் இரத்தம் காய்ந்த ஒரு பெண். முழங்கை முழுக்கப் பச்சை குத்தியவன். பதினொன்றாவது படம் ஜெஸ்ரின். மெலிந்திருந்தான். விடைத்து நிற்கிற அந்தக் காது றூபினி வீட்டுக் காது, உலகத்தில் வேறு ஒருவருக்கும் இல்லை. பிடித்த நேரம் மாலை 4.52. விட்ட நேரம் இன்னும் வெறுமை. படத்துக்குக் கீழே பெயர்: அருட்பிரகாசம்.

றோஸ்மலர் நூலகம் என்றும் பாராமல் சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அருட்பிரகாசம் கடதாசியைப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"என்ர பேரை ஏனடி சொன்னவன்?"

"சொந்தப் பேரைச் சொல்லாதை எண்டு அவனுக்கு ஆர் சொன்னது?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். சொன்னது அவர்தான். வாமதேவன் சொல்லிக் கொடுத்ததை, வெளிக்கிட முதல் நாள் போனில் பெடியனுக்கு ஒப்புவித்தவர். வேறு என்ன பெயர் சொல்லுறது மாமா என்று அவன் கேட்டபோது, ஏதாவது ஒண்டைச் சொல்லு என்றாராம். பயத்தில் பெடியனுக்குப் பிழையில்லாமல் நினைவு வந்த பெரிய மனுஷர் பெயர் அதுதான்.

அன்றிரவே, அந்த ஊரில் காசு வாங்காமல் வழக்குப் பேசுகிற ஒரு பெண் வழக்கறிஞரை றோஸ்மலர் பிடித்தாள். வந்த பதில் நேரானது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜெஸ்ரினை விசாரிக்கக் குடிவரவு அதிகாரிகள் வருகிறார்கள். அதற்கு முன் அவன் உண்மையில் யார் என்பதைக் காட்டி, பெயர் மாறியது எப்படி என்றும் சொன்னால் பிணை கேட்கலாம். தவறினால் வேறு மாநிலத்துக்கு மாற்றிவிடுவார்கள், தேடிப் பிடிப்பதே கடினம். பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அருட்பிரகாசம் என்பவர் லண்டனில் இருக்கிறார், அந்தப் பெயரைச் சொன்னவன் தன் மருமகன் என்று, அவரே ஒரு சொலிசிட்டர் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும்.

"எனக்கு ஏலாது," என்றார் அருட்பிரகாசம். "நாளைக்கு என்னையும் பிடிச்சு விசாரிச்சா? பங்கில என்ன சொல்லுவினம்? ஜெயில் லிஸ்ட்டில பேர் வந்த ஆள் வாசகம் வாசிக்கிறாரோ எண்டு கேக்கமாட்டினமோ?"

"பேர் வந்திட்டுது அண்ணை. உலகம் முழுக்கப் பாக்கலாம். நீங்கள்தான் பாக்கேல்லை."

வியாழனும் கேட்டாள், வெள்ளியும் கேட்டாள். சனிக்கிழமை அவர் போனை எடுக்கவில்லை. அன்று பின்னேரம் அவள் கோயில் அலுவலகத்துக்குப் போய், ஒரு கருத்துத் துண்டை நிரப்பி, அதைக் கணினியில் அடிக்கிற தனுஷியாவிடம் கொடுத்தாள். தனுஷியா வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அன்ரி, இது அங்கிளின்ர பேரெல்லோ?"

"ஓம். பொய்யெண்டால் இந்தா லிஸ்ட். உயிரோட இருக்கிறவை பக்கத்தில போடு."

மறுநாள் பூசையில் மன்றாட்டு நேரம் அருட்பிரகாசம் வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார். நோயாளர் பெயர்கள், சோதனை எழுதுகிற பிள்ளைகள் பெயர்கள் எல்லாம் கணீரென்று போயின. "அமெரிக்காவில் சிறையில் இருக்கும்..." என்று தொடங்கியவர் நின்றார். கடதாசியில் அவருடைய பெயர் இருந்தது. சுவாமியார் திரும்பிப் பார்த்தார்.

நாலாவது வாங்கு வரிசையில் றோஸ்மலர் எழுந்து நின்றாள்.

"வாசியுங்கோ அண்ணை. எனக்கு ஒருக்காலும் இப்பிடி ஒரு லிஸ்ட் கிடைக்கேல்லை. கிடைச்சதை ஒளிக்காமல் வாசியுங்கோ."

அவர் அவளைப் பார்த்தார். அவருக்கு முன்னால் இருந்தது பங்குச் சபை முழுவதும். மேடையை விட்டு இறங்கிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"அமெரிக்காவில் சிறையில் இருக்கும் ஜெஸ்ரினுக்காக," என்றார் அருட்பிரகாசம். கடதாசியை மடித்துக்கொண்டார். "என்ர தங்கச்சி றூபினியின்ர மகன். எனக்கு மருமகன். நான் சொல்லித்தான் அவன் பேரை மாத்திச் சொன்னவன்."

சனம் மன்றாடியது. என்றுமில்லாத சத்தமாக மன்றாடியது என்று தனுஷியா இன்றைக்கும் சொல்வாள். பூசை முடிந்து வெளியே வந்தபோது அருட்பிரகாசத்தை ஒருவரும் பழித்துப் பேசவில்லை. அதற்குப் பதில் இரண்டு பெண்கள் றோஸ்மலரைத் தனியே கூப்பிட்டார்கள். ஒருத்திக்குத் தம்பி, மற்றவளுக்கு மகன். இருவரும் கொழும்பில் படிக்கிறார்கள் என்றுதான் அதுவரை ஊருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அருட்பிரகாசம் கையெழுத்து வைத்தார். கூப்பிடாமலே வந்து, தன் பாஸ்போட் பிரதியையும் தானே கொடுத்தார். கடதாசி புதன்கிழமையே வழக்கறிஞரின் கையில் இருந்தது. வெள்ளிக்கிழமை விசாரணையில் பெயர் திருத்தப்பட்டது, பிணைக்கும் மனுப் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் பன்னிரண்டு மணிக்கு நூலகத்தில் றோஸ்மலருக்குப் பக்கத்துக் கதிரையில் அவர் இருந்தார். ஒக்டோபர் இருபத்தோராம் தேதி அந்த வெறுமையான கட்டம் நிரம்பியிருந்தது. விட்ட நேரம், முதல் நாள் மாலை 6.10. பக்கத்தைப் பிரின்ட் எடுத்து முடிப்பதற்குள் அவளுடைய போன் அடித்தது.

"பெரியம்மா, நான்தான்," என்றான் ஜெஸ்ரின். "நேற்றே விட்டிட்டாங்கள், இப்பதான் ஒரு போன் கிடைச்சது. மாமாவுக்குக் கோபமோ?"

மாமா போனைப் பறித்து வாங்கி, "இல்லையடா, சாப்பிட்டியோ?" என்றார்.

நவம்பர் வந்தது. பூசைக் கருத்துத் துண்டுகளோடு அருட்பிரகாசம் றோஸ்மலர் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார். பழக்கம் விடுமா?

"மச்சானுக்கு இந்த வருசமாவது, பிள்ளை..."

றோஸ்மலர் எழுந்து போய், ஞானரட்ணத்தின் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த அந்தப் பிரின்ட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதில பிடிச்ச நேரம் இருக்கு. விட்ட நேரமும் இருக்கு. என்ர மனுஷனைப் பிடிச்சவையும் இப்பிடி ஒரு கடதாசி எழுதித் தரட்டும். விட்டம் எண்டோ, சாகடிச்சம் எண்டோ, நேரத்தோட எழுதித் தரட்டும். அண்டைக்கு நானே வந்து பூசை குடுக்கிறன். அதுவரைக்கும் ஒரு மெழுகுதிரியும் கொளுத்தமாட்டன்."

அருட்பிரகாசம் கடதாசியில் இரண்டு நேரங்களையும் விரலால் தொட்டு வாசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, துண்டின் இடது பக்கத்தில், உயிரோடு இருப்போருக்குக் கீழே, முதலாவதாக, ஞானரட்ணம் என்று தன் கையால் எழுதினார். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெயரை அவர் முழுக் குரலில் வாசித்தார்.