கொடி அழுத்திய இடம்

கழுத்தில் அந்தக் கட்டியைக் கண்டபோது எனக்கு முதலில் கோபம் வந்தது தாலிக்கொடி மேல்தான். எங்கள் ஆட்கள் கொடியை விசேஷங்களுக்குத்தான் எடுத்துப் போடுவார்கள்; மற்ற நாட்களில் மெல்லிய சங்கிலிதான். முதல் நாள், ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் காலையிலிருந்து பின்னேரம் வரை பதினொரு பவுண் என் கழுத்தில் தொங்கியது. மறுநாள் குளிக்கும்போது இடது பக்கம், காறை எலும்புக்குச் சற்று மேலே, ஒரு முடிச்சு விரலில் தட்டுப்பட்டது. கொடி அழுத்தி வீங்கிவிட்டது என்று நானே முடிவுகட்டி நல்லெண்ணெயும் மஞ்சளும் பூசினேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, இரண்டு மாதம் பூசினேன். விசரி!

இரண்டு வருடத்துக்கு முன் என் இடது சிறுநீரகத்தைப் புற்றுநோயோடு சேர்த்து வெட்டி எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு எடுத்த படங்களிலெல்லாம் ஒன்றுமில்லை என்றார்கள். சிறுநீரகம் எங்கே, கழுத்து எங்கே? இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. குடும்ப வைத்தியர் தொட்டுப் பார்த்ததும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். ஊசி குத்திச் சோதித்தார்கள். அதே புற்றுநோய், கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்கு வந்திருந்தது. அடியோடு சுகப்படுத்த முடியாது, ஆனால் மருந்தால் அடக்கி வைக்கலாம் என்றார்கள். இரண்டு மாதம் ஏன் பொறுத்தாய் என்று கேட்ட வைத்தியருக்கு நான் தாலிக்கொடியைப் பற்றிச் சொன்னேன். நொர்வேஜிய மொழியில் தாலிக்கொடியை விளக்கிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு.

அம்மருட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் என் கணவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதவைச் சாத்தினார்.

"இஞ்சாரும், பிள்ளையின்ரை கலியாணம் முடியுமட்டும் இதைப் பற்றி ஒருத்தரிட்டையும் மூச்சு விடாதையும்."

மகளின் கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருந்தது. அவருடைய தங்கை, என் மச்சாள், அடுத்த நாளே வந்துவிட்டா. "மாப்பிள்ளை வீட்டுக்காரர் பரம்பரை வருத்தம், பிள்ளைக்கும் வருமெண்டு நினைப்பினம், அண்ணி. கழுத்து மூடின சட்டை தைப்பம். மேலாலை கொடியைப் போட்டால் ஒண்டும் தெரியாது."

பயமில்லை என்று எழுதினால் அது பொய். நிறையப் பயந்தேன். ஆனால் உயிரோடு இருக்கும்போதே என்னை மூடி வைக்கப் பார்க்கிறார்களே என்ற ஆத்திரம் அந்தப் பயத்தையும் மேவி நின்றது. அவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே, ஸ்தவாங்கர் நகரத்தில் இருந்த மாப்பிள்ளையின் தாய்க்கு நான் தொலைபேசி எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பிள்ளையள் விரும்பினது, நடக்கட்டும்" என்றா எல்லாவற்றையும் கேட்டு முடித்து. "ஆனால் சம்மந்தி, மண்டபத்திலை சனத்துக்குத் தெரியாமல் பாத்துக்கொள்ளுங்கோ."

மூடின சட்டை தைத்து வந்தது. நான் மருந்து ஏற்றப் போனேன், குளிசை விழுங்கினேன். குளிசை என் முடியின் கறுப்பை எடுத்தது, குரலைக் கரகரப்பாக்கியது. கட்டி மட்டும் அசையவில்லை. மகள் ஒன்றுதான் கேட்டாள். "அம்மா, நீங்கள் எனக்குப் பக்கத்திலை நிப்பீங்கள்தானே?"

கல்யாணக் காலை அந்தச் சட்டையைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். மூச்சு முட்டியது. கொடி கட்டியின் மேல் விழுந்து வலித்தது. இரண்டையும் கழற்றிக் கட்டிலில் போட்டேன். சிறுநீரகத்தை வெட்டப் போன அன்று ஆஸ்பத்திரியில் என் சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள். கழுத்து வெறுமையாக இருக்கக்கூடாதென்று என் கணவர் அன்று ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். அதைக் கட்டிக்கொண்டு என் வழக்கமான சட்டையோடு வெளியே வந்தேன்.

"பெண்ணைப் பெத்தவள் கொடியில்லாமல், இந்தக் கட்டியோடை நிண்டால் சனம் என்ன சொல்லும்?" அவர் கதவடியில் மறித்து நின்றார்.

"விரும்பினதைச் சொல்லட்டும். கழுத்து என்ரை. வாறியளோ, நான் தனியப் போகட்டோ?"

வந்தார். காரை அவர்தான் ஓட்டினார்.

மண்டபத்தில் எல்லாருடைய கண்ணும் என் முகத்துக்கு வந்து கழுத்துக்கு இறங்கியது. சம்மந்தி என்னைக் கண்டதும் மறுபக்கம் திரும்பிக்கொண்டா. தெரிந்த பெண் ஒருத்தி பொறுக்க மாட்டாமல் கிட்ட வந்து, "என்னக்கா, கழுத்திலை ஏதோ வீங்கியிருக்கு?" என்றாள்.

"புற்றுநோய். சிறுநீரகத்திலை இருந்து வந்தது. நீங்கள் ரோல்ஸ் எடுத்தனீங்களோ? ஆறப் போகுது."

பாவம், அவள் ரோல்ஸ் இருந்த பக்கம் போகவே இல்லை. நான் இரண்டு எடுத்துச் சாப்பிட்டேன்.

தாலி கட்டி முடிந்ததும் குடும்பப் படம். நான் மகளுக்குப் பக்கத்தில் நின்றேன். படம் எடுப்பவர் கமராவை இறக்கி, "அன்ரி, கொஞ்சம் மற்றப் பக்கம் திரும்புங்கோ. கழுத்திலை இருக்கிறது தெரியுது. பரவாயில்லை, பிறகு கொம்பியூட்டரிலை அழிச்சு விடுறன்" என்றார்.

மண்டபம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வாய் திறக்கமுன் என் கணவர் பேசினார். நான்கு மாதமாக அவர் வாயில் வராத சொல் அது. வீட்டில்கூட 'அது' என்றுதான் சொல்வார்.

"அது கான்சர், தம்பி. ஒண்டையும் அழிக்க வேண்டாம். மனிசி எப்பிடி நிக்கிறாவோ அப்பிடியே எடுங்கோ."

சொல்லிவிட்டு எல்லாருக்கும் முன்னால் அழுதார். மனுசனை நான் அதட்ட வேண்டியதாய்ப் போயிற்று. "கண்ணைத் துடையுங்கோ, படம் பழுதாப் போகும்."

அந்தப் படம் எங்கள் இருக்கை அறையில், கதவைத் திறந்ததும் தெரிகிற சுவரில் தொங்குகிறது. ஆணி அடித்தது அவர்தான். கட்டி இப்போது படத்தில் இருப்பதைவிடச் சிறியது. திரும்பப் பெரிதாகலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் மணப்பெண்ணை விட்டுவிட்டு என் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அதற்குத்தான் அங்கே மாட்டியிருக்கிறோம்.