தெபோராள் போடாத கையெழுத்து

மூன்றாம் வார்டை எஸ்.சி. பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும், கருப்புசாமி பேரூராட்சி அலுவலகத்திலிருந்து சைக்கிளை விரட்டிக்கொண்டு காலனிக்கு வந்தான். அது 1996ஆம் வருட உள்ளாட்சித் தேர்தல். பல்லடத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் பதினைந்து வருடமாகக் கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டியும் கொடி கட்டியும் வந்தவன் அவன்.

"நம்ம வார்டு பொம்பளைக்குப் போயிருச்சு புள்ள. நீதான் நிக்கிறே. தலைவர்கிட்ட சொல்லிப்போட்டேன்" என்றான்.

அவன் மனைவி தறிக்குடோனில் நூல் சுற்றும் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். "நானுங்களா?" என்று கேட்கும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது. காலனிக்குக் குடிநீர்க் குழாய் கேட்டுப் போன ஐந்து மனுக்களையும் எழுதியவள் அவள்தான். மேலத் தெருக்காரர்கள் பிடித்து முடிக்கும்வரை குடத்தோடு ஒதுங்கி நிற்பது அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. கூட்டத்தில் எழுந்து என்ன பேசுவது என்றுகூட அன்றைக்கே மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் கருப்புசாமி பெட்டியைக் கிளறி அவளுடைய சாதிச் சான்றிதழை எடுத்தான். குழந்தையம்மாள், இந்து என்று அதில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது.

எட்டு வருடத்துக்கு முன்னால் காசநோய் வந்து மிஷன் ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் கிடந்தாள். ஐந்தாம் வகுப்போடு விட்ட படிப்பை அங்கேதான் மீட்டாள். ஒரு நர்ஸம்மா கொடுத்த பைபிளை எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்து, பிறகு எதையும் தடங்கலில்லாமல் வாசிக்கக் கற்றாள். உடம்பு தேறி வந்தபின் ஞானஸ்நானம் கேட்டபோது கருப்புசாமி தடுக்கவில்லை. "நீ போய்ட்டு வா. ஊட்டுல முருகன் படத்தை மட்டும் எடுக்கச் சொல்லாதே" என்றான். சர்ச் பதிவேட்டில் அவள் தெபோராள் ஆனாள். ஒரே சுவரில் முருகனும் சிலுவையும் சண்டையில்லாமல் இருந்தார்கள்.

"ஏனுங்க, கிறிஸ்தவங்க இந்த வார்டுல நிக்க முடியாதுங்களே. மதம் மாறினா எஸ்.சி. இல்லைன்னு சட்டம் இருக்குதுங்களாமா" என்றாள்.

"யாரு வந்து கேக்கப்போறா? சர்டிபிகேட்டுல என்ன இருக்குதோ அதுதான் நீ."

அதற்குப் பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. குடோனில் நூல் அறுந்ததுகூடத் தெரியாமல் வெறுங்கட்டையை ஓடவிட்டுத் திட்டு வாங்கினாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் போய் நின்றாள். அவர் தடுப்பார் என்று எதிர்பார்த்தாள்.

"போடும்மா கையெழுத்தை" என்றார் ஆயர். "ஞானஸ்நானம் வாங்கினதும் டீக்கடையில உங்களுக்கு டம்ளர் மாறுச்சா? மாறலை. அப்புறம் சலுகை மட்டும் ஏன் மாறணும்? இந்தச் சட்டமே அநியாயம். ஆண்டவர் இருதயத்தைப் பாக்கிறவர்."

"சட்டம் அநியாயந்தானுங்க ஐயா. அதுக்காக நான் அவரைத் தெரியாதுன்னு எழுதிக் குடுக்கலாங்களா?"

ஆயர் அங்கியைக் கழற்றி மடித்து வைத்தார். "ஜெபம் பண்ணும்மா" என்றார் கடைசியாக. ஜெபத்தில் முழங்கால் வலித்ததே தவிர, பதில் ஒன்றும் வரவில்லை.

மனுத்தாக்கல் நாளன்று மாலையும் பட்டாசுமாகக் கட்சிக்காரர்கள் வாசலில் நிற்க, அவளும் கருப்புசாமியும் உள்ளே போனார்கள். தேர்தல் அலுவலர் லட்சுமிநாராயணன் காலையிலிருந்து உட்கார்ந்த களைப்பில் தாள்களைப் புரட்டி உறுதிமொழியை வாசித்தார். "இந்து மதத்தைச் சேர்ந்தவள் என உறுதி கூறுகிறேன். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

பேனாவை வாங்கினாள்.

"நான் ஞானஸ்நானம் வாங்கினவளுங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "நான் அதைக் கேக்கலையேம்மா" என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார். கருப்புசாமி அவள் முழங்கையைத் தொட்டான். அவள் பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

உள்ளூர்க் கட்சித் தலைவர் அன்றே பக்கத்து வீட்டுக் கோமளாவை நிறுத்திவிட்டார். வாங்கிய மாலை அவள் கழுத்துக்குப் போனது.

"புருசன்னு நான் கேட்டது ஒரு கையெழுத்து" என்றான் கருப்புசாமி.

"உங்க பொஞ்சாதிங்கறதாலதானுங்க பேனாவைக் கையில வாங்குனேன்."

அதோடு பேச்சு நின்றுபோனது. அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டுக் கோமளாவுக்கு ஓட்டுக் கேட்கப் போனான். குழாயடியில் காலனிக்காரி பங்காரம்மா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "உன்ர சாமிகிட்ட நீ நல்ல பேரு வாங்கிட்டே. நாங்க குடத்தைத் தூக்கிட்டு நிக்கோணும்." தெபோராள் குடத்தை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள். செய்தது உண்மைக்காகவா, தன்னைச் சுத்தக்காரி என்று காட்டிக்கொள்ளும் வீம்பாலா என்று அவளுக்கே பிடிபடவில்லை. பதவிக்கு ஆசைப்பட்ட மனசு உள்ளே இன்னும் பொருமிக்கொண்டுதான் இருந்தது.

கோமளா நாற்பத்து மூன்று ஓட்டில் ஜெயித்தாள். முதல் கூட்டத்துக்கான அஜெண்டா வந்ததும் அதைச் சேலைத்தலைப்பில் மறைத்துக்கொண்டு தெபோராள் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, ரெண்டாவதோட படிப்பை விட்டவ நான். இதுல என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுக் காட்டுங்களேன்."

தெபோராளுக்கு முதலில் தாளைத் தொடவே கசந்தது. ஆனாலும் வாங்கி வரி வரியாக வாசித்தாள். ஆறாவது பொருள்: ஒன்று, ஐந்து, எட்டாம் வார்டுகளுக்குக் குடிநீர்க் குழாய் நீட்டிப்பு.

"மூணாவது வார்டு எங்க போச்சு?" வாசற்படியில் உட்கார்ந்திருந்த கருப்புசாமி கேட்டான். இரண்டு மாதத்தில் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு.

"இல்லீங்க. கூட்டத்துக்கு முன்னால எழுதிக் குடுத்தாச் சேத்துவாங்க."

அவன் உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்தான். அவள் எழுத, கோமளா கையெழுத்துப் போட்டாள். இரண்டு கூட்டங்களில் தள்ளிப்போட்டார்கள். மூன்றாவதில் கோமளா உட்கார மறுத்து நின்றுகொண்டே இருந்தாளாம். சித்திரையில் காலனிக்குக் குழாய் வந்தது. எல்லோரும் கோமளாவை வாழ்த்தினார்கள். தெபோராளுக்கும் சந்தோஷந்தான், ஆனால் அது வயிற்றில் தங்காத சந்தோஷமாக இருந்தது.

அடுத்த அஜெண்டாவை அவள் வாசித்துக்கொண்டிருந்த ஒருநாள் கருப்புசாமி சொன்னான்: "அடுத்த தடவை ஏழாம் வார்டுல நில்லு புள்ள. அது பொது வார்டு. எந்தச் சாமின்னு எழுதிக் குடுக்க வேண்டியதில்லை."

"மேலத் தெருவுங்க அது. அங்க நமக்கு யாருங்க ஓட்டுப் போடுவாங்க?"

"போட மாட்டாங்கதான். நில்லு."

தெபோராள் தாளுக்குத் திரும்பினாள். வாசித்தாள், நிறுத்தினாள், மறுபடி வாசித்தாள்.

"அக்கா, இந்த வரியை இப்பத்தானே படிச்சீங்க" என்றாள் கோமளா.