வெள்ளிக்கிழமை மட்டும் அணைந்த கம்ப்யூட்டர்

மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்று சாயங்காலம் பேத்தியை வீடியோவில் காட்டுவான். நாலு வாரமாக, பேச ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் எங்கள் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும்.

நீடாமங்கலம் கடைக்காரர், "போர்டு போயிடுச்சுங்க, புதுசு வாங்கிடுங்க" என்றார். என் வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டார்.

நான் விடவில்லை. எங்கள் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ், நடப்பதையெல்லாம் லாக் என்ற குறிப்பேட்டில் எழுதி வைக்கும் என்று படித்திருந்தேன்.

இன்றும் அணைந்தது. திரும்ப ஆன் செய்து, கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையில் journalctl -b -1 என்று அடித்தேன். அணைவதற்கு முன் நடந்ததெல்லாம் வரிவரியாக வந்தது. கடைசி வரிகளில் ஒன்றை அகராதி வைத்துப் படித்தேன்: சூடு எல்லை மீறிவிட்டது, அணைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் சூடு?

திரும்பிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது சாம்பல் படக்கூடாதென்று, ஒரு மாதமாகக் கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய பட்டுத்துணியால் மூடிவந்தேன். காற்றே போக வழியில்லை.

துணியை எடுத்துவிட்டு மகனை மறுபடி கூப்பிட்டேன். பேத்தி முக்கால் மணி நேரம் ஆடிப் பாடினாள்.

"யாரும்மா சரி பண்ணது?" என்றான் மகன்.

"நான்தான்."

"கெடுத்தது யாருன்னும் சொல்லு" என்றார் வீட்டுக்காரர்.

அது லாக்கில் இல்லை என்று சொல்லிவிட்டேன். லாக் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும், அந்தச் சூடு வரியைச் சொல்ல அவருக்கு போன் செய்யாதீர்கள்.